லான் கதீட்ரல்: நான்கு அடுக்குச் சுவரும் கோபுரம் ஏறிய எருதுகளும்

கேள்வி இதுதான்: "கோதிக் என்றால் வெளியே பறக்கும் முட்டுகள், அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரம், சுவர் முழுக்கக் கண்ணாடி என்று படித்திருக்கிறேன். பிரான்சின் லான் கதீட்ரல் படங்களில் இது எதுவும் பெரிதாகக் கண்ணில் படவில்லை. பின் ஏன் அதைத் தொடக்க காலக் கோதிக்கின் சிறந்த உதாரணம் என்கிறார்கள்? கோபுர உச்சியில் மாடுகள் வேறு நிற்கின்றன, அது எதற்கு?"

முதலில் நேரான பதிலைச் சொல்லிவிடுகிறேன். பறக்கும் முட்டும் (சுவரை வெளியிலிருந்து தாங்கிப் பிடிக்கும் கல்வளைவு) பெரிய உயரமும், கோதிக் என்ற அந்த இடைக்காலக் கட்டடப் பாணியின் தொடக்கத்தில் இருந்தவை அல்ல. கட்டடக்காரர்கள் சில தலைமுறைகள் முட்டி மோதிய பிறகு கிடைத்த விடைகள் அவை. லான் அந்த முட்டல் மோதலின் நடுவே, இன்னும் பல வழிகள் திறந்திருந்த நேரத்தில் எழுந்தது. அங்கே எடுக்கப்பட்ட முடிவுகளில் பலவற்றைப் பின்னால் வந்தவர்கள் கைவிட்டார்கள். அதனால் அவை தவறான முடிவுகள் ஆகிவிடாது. பின்னால் வந்த சார்த்ர், அமியான் போன்ற கதீட்ரல்களை அளவுகோலாக வைத்து லானைப் பார்த்தால் அது குறைப்பட்ட கட்டடமாகத்தான் தெரியும். அந்த அளவுகோலைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தால், பன்னிரண்டாம் நூற்றாண்டின் மிகத் தெளிவான கட்டடங்களில் ஒன்று கண்முன் நிற்கும்.

ஊரின் கதையிலிருந்து தொடங்க வேண்டும். லான், பாரிஸுக்கு வடகிழக்கே ஏறக்குறைய 130 கிலோமீட்டரில், சமவெளியிலிருந்து 100 மீட்டர் போல எழும் ஒரு தனிக் குன்றின் மேல் இருக்கிறது. சுற்றிலும் தட்டையான வயல்கள். எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் வெகு தூரத்திலேயே கதீட்ரலின் கோபுரங்கள் தெரிந்துவிடும். பத்தாம் நூற்றாண்டில் கரோலிங்கிய வம்சத்தின் கடைசி அரசர்கள் இந்தக் குன்றைத்தான் தங்கள் கோட்டையாக வைத்திருந்தார்கள். 987-இல் ஹியூ கப்பே அரசரான பிறகும், அந்தப் பழைய வம்சத்தின் லொரேன் சார்ல்ஸ் லானைப் பிடித்து வைத்துக்கொண்டு எதிர்த்து நின்றார். 991-இல் லான் ஆயர் (பிஷப்) அதால்பெரோன் அவரைக் காட்டிக்கொடுத்த பிறகே அந்தக் கணக்கு முடிந்தது. ஆக, இந்த ஊரில் ஆயர் என்பவர் பூசை செய்பவர் மட்டுமல்ல, அரசியல்வாதியும்கூட.

அந்த அரசியல் 1112-இல் வெடித்தது. அப்போதைய ஆயர் கோத்ரி, இங்கிலாந்து அரசர் முதலாம் ஹென்றியின் சான்சலராக இருந்தவர். அவர் ஊரில் இல்லாத சமயத்தில் நகர மக்கள் பணம் கொடுத்து 'கொம்யூன்' என்ற தன்னாட்சி உரிமையை வாங்கினார்கள். திரும்பி வந்த ஆயரும் தன் பங்கை வாங்கிக்கொண்டு அதை ஏற்றுக்கொண்டார், பிறகு அதைக் கலைக்க முயன்றார். அரசர் ஆறாம் லூயியிடம் நகரத்தார் 400 பவுண்டு தருவதாகச் சொல்ல, ஆயர் பக்கம் 700 பவுண்டு சொன்னது. கொம்யூன் ரத்தானது. ஈஸ்டர் வாரத்தில், ஏப்ரல் 25 அன்று, "கொம்யூன்! கொம்யூன்!" என்று கத்திக்கொண்டு கூட்டம் ஆயர் மாளிகைக்குள் புகுந்தது. நிலவறையில் ஒரு பீப்பாய்க்குள் ஒளிந்திருந்த கோத்ரியை இழுத்து வந்து கோடரியால் வெட்டிக் கொன்றார்கள். மூட்டிய தீ வீடு வீடாகத் தாவிப் பழைய கதீட்ரலையும் பிடித்துக்கொண்டது. அருகிலிருந்த நோஜான் மடத்தின் தலைவர் கிபேர் அடுத்த சில ஆண்டுகளில் எழுதி வைத்ததால்தான் இவ்வளவும் நமக்குத் தெரிகிறது. கொம்யூனைக் கடுமையாக வெறுத்தவர் அவர். ஆனால் தன் ஆயரின் பேராசையை அவரே மறைக்காமல் எழுதியிருப்பதால் அந்தச் சாட்சியத்துக்குத் தனி மதிப்பு உண்டு.

எரிந்த கோயிலைச் சரிசெய்யப் பணம் வேண்டுமே! அன்றைய வழக்கப்படி, கதீட்ரலின் குருக்கள் சிலர் மாதாவின் திருப்பண்டங்களைப் பேழையில் எடுத்துக்கொண்டு ஊர் ஊராகக் காணிக்கை திரட்டக் கிளம்பினார்கள். 1112-இல் பிரான்சுக்குள், 1113-இல் கடல் தாண்டித் தெற்கு இங்கிலாந்து முழுக்க. ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும்போது கடற்கொள்ளையர் துரத்த, கூட வந்த ஃபிளாண்டர்ஸ் கம்பளி வியாபாரிகள் பயத்தில் மாதாவுக்குக் காணிக்கை நேர்ந்துகொண்டார்கள், ஆபத்து நீங்கியதும் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். பிறகு அவர்கள் வாங்கிச் சேர்த்த கம்பளியெல்லாம் டோவரில் தீப்பிடித்து எரிந்துபோனதாம். கார்ன்வாலின் பாட்மின் ஊரில் ஒருவர், பழங்கதைகளில் வரும் பிரிட்டன் அரசரைப் பற்றி, "ஆர்தர் ராஜா இன்னும் சாகவில்லை" என்று அடித்துச் சொல்ல, லான்காரர் ஒருவர் மறுத்துப் பேச, அது கைகலப்புவரை போயிருக்கிறது. ஆர்தர் உயிரோடு இருக்கிறார் என்று எளிய மக்கள் நம்பியதற்குக் கிடைக்கும் பழைய சான்றுகளில் இதுவும் ஒன்று. ஒரு கோயில் நிதி வசூலின் குறிப்பேட்டில் அது வந்து சிக்கியிருப்பது எனக்கு எப்போதும் வியப்புத்தான்.

இந்தப் பணத்தில் பழுது பார்க்கப்பட்ட பழைய கதீட்ரல் 1114 செப்டம்பரில் மறுபடி அர்ப்பணிக்கப்பட்டது. இன்று நாம் பார்ப்பது அந்தக் கட்டடம் அல்ல. பலரும் 1112 தீயையும் இப்போதைய கட்டடத்தையும் நேராக முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள். நடுவில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இருக்கிறது.

அந்த நாற்பது ஆண்டுகளில் லான் அமைதியானது. 1128-இல் நகரத்துக்குப் புதிய சாசனம் கிடைத்தது. 1117-இல் இறந்த இறையியல் ஆசிரியர் ஆன்செல்மின் பள்ளியால் இந்த ஊர் ஐரோப்பாவெங்கும் பேர் வாங்கியிருந்தது. புகழ்பெற்ற தத்துவ அறிஞர் அபெலார் கூட இங்கே படிக்க வந்து, ஆசிரியரைப் பரிகசித்துவிட்டுப் போனார். கதீட்ரலின் குருக்கள் மன்றத்தில் 80 பேருக்கு மேல், பிரான்சின் மிகப் பெரிய மன்றங்களில் ஒன்று. பழைய கோயில் இத்தனை பேருக்குப் போதவில்லை. 1155-இல் ஆயரான மொர்த்தாஞ் கோத்தியே, அந்தப் பள்ளி மரபிலேயே வந்த இறையியல் ஆசிரியர். அவர் 1174-இல் இறக்கும்வரை இருந்த காலத்தில்தான் புதுக் கட்டடம் கிழக்கிலிருந்து எழத் தொடங்கியது.

அந்த நேரத்தில் கட்டடக்காரர்கள் கையில் என்னென்ன இருந்தன? கூர்வளைவு பழையதுதான், கோதிக்குக்கு முன்பே க்ளூனியின் பெரிய மடக்கோயிலில் வந்துவிட்டது. விலா எலும்புபோல் ஓடும் கல்வளைவுகள் தாங்கும் கூரையும், அதாவது விலா வளைவுக் கூரையும், இங்கிலாந்தின் டர்ஹமில் 1093-க்குப் பிறகு கட்டப்பட்டிருந்தது. பாரிஸை அடுத்த சான்-தெனியில் மடாதிபதி சூஜே இவற்றை மெலிந்த தூண்களோடும் பெரிய வண்ணக் கண்ணாடிச் சன்னல்களோடும் சேர்த்து, 1144-இல் புதிய பீடப்பகுதியை அர்ப்பணித்திருந்தார். சான்ஸ் கதீட்ரல் எழுந்துகொண்டிருந்தது. லானுக்கு அருகிலேயே நுவாயோனும். பாரிஸ் நோத்ரதாம் இனிமேல்தான், 1163 வாக்கில். எல்லோருக்கும் ஒரே சிக்கல்: கல்லால் கூரை போட வேண்டும், ஆனால் சுவரைத் திறந்து வெளிச்சமும் கொண்டுவர வேண்டும்.

கல் வளைவுக் கூரையின் எடை நேர் கீழே மட்டும் இறங்குவதில்லை. ஏணியைச் சுவரில் சாய்த்தால் அதன் அடி வழுக்கி வெளியே போகப் பார்க்குமே, அப்படி வளைவும் தன் இரு கால்களையும் வெளிப்பக்கமாக உதைக்கிறது. அந்த உதையைத் தாங்காவிட்டால் சுவர் வெளியே சாயும், கூரை உள்ளே விழும். பழைய முறையில் இதற்குச் சுவரை மிகக் கனமாக்கி, சன்னலைச் சிறிதாக்கினார்கள். விலா வளைவு வந்ததும் நிலைமை மாறியது. உதை சுவர் நெடுகப் பரவாமல் விலாக்கள் வந்து இறங்கும் இடங்களில் குவிந்தது. அந்த இடங்களை மட்டும் பலப்படுத்தினால் நடுவில் உள்ள சுவரைத் திறந்துவிடலாம். வேலைக்கும் அது வசதி. முழுக் கூரைக்கும் மரச் சென்ட்ரிங் அடிக்க வேண்டாம். விலாக்களுக்கு மட்டும் சென்ட்ரிங் போட்டுக் கட்டிவிட்டு, இடைவெளிகளை மெல்லிய கல்லால் நிரப்பிக்கொண்டே போகலாம்.

ஆனால் அந்தக் குவிந்த உதையை உயரத்தில் எது தாங்கும்? இங்கேதான் லானின் நான்கு அடுக்குச் சுவர் வருகிறது. நடுக்கூடத்தில் நின்று பக்கச் சுவரைப் பார்த்தால், கீழே கனத்த உருளைத் தூண்களும் கூர்வளைவுகளும். அதற்கு மேல், பக்கவழியின் அதே அகலத்துக்கு ஒரு முழு மாடி, கேலரி. அதற்கும் தனியாக விலா வளைவுக் கூரை, தனியாக வெளிச்சன்னல். மூன்றாவது, சுவரின் கனத்துக்குள்ளேயே குடைந்த ஒடுக்கமான நடைபாதை, ட்ரைஃபோரியம். கேலரியின் சாய்கூரை வெளியே வந்து மோதும் இடம் அது என்பதால் அங்கே சன்னல் வைக்க முடியாது. வெறும் சுவராக விடாமல் சின்னச் சின்ன வளைவுகளால் அதை நிறைத்துவிட்டார்கள். நான்காவது, மேல் சன்னல் வரிசை. அதற்கு மேல் கூரை.

உதையைத் தாங்கும் வேலையில் பெரும்பங்கு அந்த இரண்டாம் அடுக்கின் மேல் விழுகிறது. கேலரியின் கூரையும் அதன் வெளிச்சுவரும் பெரிய கற்பெட்டிகளாக இருபுறமும் நின்று நடுச்சுவரை நெருக்கிப் பிடிக்கின்றன. இன்று லானின் வெளிப்புறத்தில் பறக்கும் முட்டுகளும் இருக்கின்றன, எளிமையானவை. ஆனால் கட்டடத்தின் கணக்கு அவற்றை மையமாக வைத்துப் போட்டதல்ல. நீங்கள் தேடிய முட்டு கட்டடத்துக்குள்ளேயே, ஆட்கள் நடமாடும் ஒரு மாடியாக இருக்கிறது.

இதற்கு ஒரு விலை உண்டு. கேலரி இடத்தை எடுத்துக்கொள்வதால் மேல் சன்னல்கள் சிறுத்துப்போகும். கூரை உச்சி 24 மீட்டர்தான். பாரிஸில் 33, அமியானில் 42. 1194 தீக்குப் பிறகு சார்த்ரைக் கட்டியவர்கள் வெளியே வலுவான பறக்கும் முட்டுகளை வைத்து, கேலரியைத் தூக்கி எறிந்துவிட்டுச் சன்னல்களைப் பிரம்மாண்டமாக இழுத்தார்கள். அதன்பின் பெரிய கதீட்ரல்கள் அந்த வழியில்தான் போயின, போவேயில் 48 மீட்டர்வரை ஏறி, 1284-இல் பீடப்பகுதிக் கூரையின் ஒரு பகுதி இடிந்து விழும்வரை.

லான் அதிக உயரமில்லை. ஆனால் அந்த நான்கு அடுக்கும் ஒன்றன்மேல் ஒன்றாக, வரவரச் சிறிதாகும் வளைவுகளோடு, 110 மீட்டர் நீளத்துக்குக் கிழக்கு நோக்கி ஓடும்போது கண்ணுக்குக் கிடைக்கும் தாளம் சார்த்ரில் கிடையாது. அங்கே பார்வை நேராக மேலே போகிறது. இங்கே சுவரோடு சேர்ந்து நடக்கிறது. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், அதை மறைக்க விரும்பவில்லை.

இன்னும் கிட்டே போய் ஒரு தூணைப் பாருங்கள். நடுக்கூடத்தின் உருளைத் தூண்கள் அனேகமாக எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். நடுக்கூடத்தைக் குறுக்கே வெட்டிச் செல்லும் குறுக்குக்கூடத்தை ஒட்டிய ஒரு சிலவற்றைச் சுற்றி மட்டும் மெல்லிய தனிக்கால்கள் நிற்கும். இப்போது தூணின் தலையில் இலை வடித்த போதிகைக்கு மேலே பாருங்கள். அங்கிருந்து மெல்லிய கற்கால்கள் கட்டாகச் சேர்ந்து சுவரோடு ஒட்டி மேலே ஏறுகின்றன. எண்ணினால் ஒரு தூணில் ஐந்து, அடுத்ததில் மூன்று, மறுபடி ஐந்து, மறுபடி மூன்று. காரணம் கூரையில் இருக்கிறது. லானின் கூரை ஆறு கூறுகளாகப் பிரிந்தது. தூணுக்குத் தூண் உள்ள இடைவெளியான பத்திகள் இரண்டை ஒரு சதுரமாகச் சேர்த்து, மூலைக்கு மூலை இரண்டு விலாக்களும், நடுவில் குறுக்கே ஒரு விலாவும் போகும். சதுரத்தின் மூலையில் நிற்கும் தூணுக்குக் குறுக்கு விலா ஒன்று, மூலைவிட்ட விலாக்கள் இரண்டு, சுவரோர விலாக்கள் இரண்டு என ஐந்து வந்து இறங்கும். நடுவில் நிற்கும் தூணுக்கு மூன்றுதான். மேலே எத்தனை விலாவோ கீழே அத்தனை கால். கூரையில் நடப்பதைச் சுவர் ஆள்மட்டத்துக்குச் சற்று மேலேவரை எழுதிக் காட்டுகிறது. கோதிக் என்றால் என்ன என்று என்னைக் கேட்டால், பறக்கும் முட்டைக் காட்ட மாட்டேன், இந்த ஐந்தையும் மூன்றையும்தான் காட்டுவேன்.

அந்தக் கால்களில் ஆங்காங்கே கல்வளையங்கள் மோதிரம் போட்டதுபோலத் தெரியும். அழகுக்கு மட்டும் வைத்தவை அல்ல. சுண்ணாம்புக்கல் பூமிக்குள் படிவு படிவாக உருவாவது. வழக்கமாக அந்தப் படிவு தரைக்குப் படுக்கையாக இருக்கும்படிதான் கல்லைச் சுவரில் வைப்பார்கள். மெல்லிய நீளக் கால் வேண்டும் என்றால் கல்லை எழுப்பி நிறுத்தியாக வேண்டும், அப்போது படிவும் நெட்டுக்குத்தாகிவிடும். அப்படி நிற்கும் கல் எடையை நன்றாகவே தாங்கும், சாந்து இறுகும்போது சுவரைப்போல இறங்கிக் குறுகவும் செய்யாது. ஆனால் பக்கவாட்டில் பிடிமானம் இல்லாவிட்டால் பிளந்துவிடக்கூடும். சுவருக்குள் வால் செருகிய ஒரு வளையத்தை இடையிடையே வைத்துக் காலைக் கட்டிப்போட்டார்கள். தொடக்க காலக் கோதிக் கல்தச்சர்களின் கைமுறை இது. கல்லின் குணம் தெரிந்த ஒரு தொழில்காரர் யோசித்து வைத்த விஷயம் வரைபடத்தில் கோடாகத்தான் தெரியும், நேரில்தான் அதன் புத்திசாலித்தனம் புரியும்.

குறுக்குக்கூடம் தனியாகக் கவனிக்க வேண்டியது. சாதாரணமாக அது நடுக்கூடத்தின் இருபுறமும் கை நீட்டியதுபோல ஒரு துணைப்பகுதியாக இருக்கும். லானில் அது கிட்டத்தட்ட இன்னொரு கோயில். அதற்கும் பக்கவழிகள் உண்டு, கேலரி உண்டு, கிழக்கு முகமாக இரண்டு மாடி கொண்ட சிற்றாலயங்கள் உண்டு. நடுக்கூடமும் குறுக்குக்கூடமும் சந்திக்கும் இடத்தில் கூரை 24 மீட்டரில் நிற்பதில்லை. மேலே ஒரு விளக்குக் கோபுரம் திறந்துகொண்டு, உள்ளுயரம் சுமார் 40 மீட்டர்வரை போகிறது. அதன் சன்னல்களிலிருந்து வெளிச்சம் நேராகத் தரைக்கு இறங்கும். நார்மண்டியிலும் இங்கிலாந்திலும் பழக்கமான அமைப்பு இது, பாரிஸ் பக்கம் அரிது. உயரம் வேண்டும் என்று லான்காரர்களும் நினைத்தார்கள். ஆனால் அதைக் கட்டடம் முழுக்கப் பரப்பாமல் ஒரே இடத்தில் சேர்த்து வைத்தார்கள்.

கிழக்குக் கோடியில் நடந்தது எனக்கு மிகவும் சுவையானது. முதலில் கட்டிய பீடப்பகுதி குட்டையானது, பிரெஞ்சு வழக்கப்படி அரைவட்டமாக முடிந்தது. 1205-இல் லானுக்குத் தென்கிழக்கே செர்மிசியில் இருந்த ஒரு கல்குவாரி கதீட்ரலுக்குத் தானமாகக் கிடைத்தது. அந்த ஆண்டையொட்டித்தான், கட்டி அரை நூற்றாண்டுகூட ஆகாத அந்த அரைவட்டத்தை இடித்துவிட்டு, பீடப்பகுதியை நடுக்கூடத்துக்குச் சமமாக நீட்டினார்கள். நீட்டியதைத் தட்டையான நேர்ச்சுவரில் முடித்தார்கள். குருக்கள் மன்றம் பெரியது, எல்லோருக்கும் இருக்கை வேண்டும் என்பது ஒரு காரணம். தட்டைச் சுவருக்கு இங்கிலாந்துத் தொடர்பையும் சிஸ்தர்சிய மடங்களின் எளிய வழக்கத்தையும் காரணமாகச் சொல்வார்கள். இதில் கவனிக்க வேண்டியது வேறு. அதே ஆண்டுகளில் சார்த்ரில் புதுமுறை கண்முன் எழுந்துகொண்டிருந்தது. லான் கட்டடக்காரர்களுக்கு அது தெரியாமல் இருந்திருக்க முடியாது. ஆனாலும் நீட்டிய பகுதியை, தாத்தா காலத்து நான்கு அடுக்கு முறையிலேயே கட்டினார்கள். கோயில் ஒரே குரலில் பேச வேண்டும் என்று முடிவெடுத்திருக்கிறார்கள். அதனால்தான் அறுபது, எழுபது ஆண்டு வேலை ஒரே மூச்சில் கட்டியதுபோல் நிற்கிறது.

அந்தத் தட்டைச் சுவரில்தான் 1210-களின் கண்ணாடி இருக்கிறது. கீழே மூன்று நெட்டைச் சன்னல்கள், மேலே பெரிய வட்டமான ரோஜா சன்னல். ரோஜாவின் நடுவில் மாதா, சுற்றி அப்போஸ்தலர்களும், பைபிளின் திருவெளிப்பாட்டு நூலில் வரும் 24 மூப்பர்களும். கீழ்ச் சன்னல்களில் கிறிஸ்துவின் பாடுகள், அவர் குழந்தைப் பருவம், புனித ஸ்தேவான் கதை. ஸ்தேவானோடு சேர்த்து, பிசாசுக்கு ஆன்மாவை எழுதிக்கொடுத்துவிட்டு மாதாவின் தயவால் பத்திரத்தைத் திரும்பப் பெற்ற தேயோஃபிலுவின் கதையும் உண்டு. வடக்குக் குறுக்குக்கூடத்து ரோஜா இன்னும் பழைய பாணி. கற்பலகையில் வட்ட வட்டமாகத் துளையிட்டுக் கண்ணாடி பதித்தது. அதன் நடுவில் புனிதர் யாரும் இல்லை. தத்துவம் அமர்ந்திருக்கிறாள். சுற்றியுள்ள எட்டு வட்டங்களில் இலக்கணம், தர்க்கம், கணிதம் முதலான ஏழு கலைகளும் மருத்துவமும். ஆன்செல்மின் பள்ளியை ஊர் மறக்கவில்லை.

இனி மேற்கு முகப்பும் மாடுகளும். அதுவரை முகப்பு என்பது பெரும்பாலும் கதவும் சன்னலும் வைத்த தட்டைச் சுவர். லானில் மூன்று வாசல்களும் ஆழமான மண்டபங்களாக வெளியே துருத்திக்கொண்டு நிற்கின்றன. அவற்றுக்கு மேல் சன்னல்கள் குகைபோலக் குழிந்து போகின்றன, நடுவில் ரோஜா. வெயில் அடிக்கும்போது முகப்பு முழுக்க நிழல் குழிகள் விழும். நடுவாசலில் மாதாவின் முடிசூட்டு, வடக்கில் குழந்தை இயேசுவை ஞானியர் வணங்குவது, தெற்கில் இறுதித் தீர்ப்பு. பிரெஞ்சுப் புரட்சியில் இந்தச் சிலைகள் கடுமையாகச் சிதைந்தன. இப்போது வாசலில் நிற்கும் பெரிய உருவங்களும் பல தலைகளும் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பழுதுபார்ப்பில் வந்தவை. படம் பார்த்துக் காலம் கணிப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

கோபுரங்கள் கீழே சதுரம், மேலே எண்கோணம். சதுரம் எண்கோணமாக மாறும் இடத்தில் நான்கு மூலைகளும் மிச்சப்படும் இல்லையா, அங்கே மெல்லிய தூண்களால் திறந்த சிறு மாடங்களைக் குறுக்காகத் திருப்பி வைத்திருக்கிறார்கள். அதனால் மாற்றம் எங்கே நடந்தது என்றே கண்ணுக்குப் பிடிபடாது. கோபுரமே ஊடாக வானம் தெரியும் கூடுபோல ஆகிவிடுகிறது. அந்த மாடங்களின் தூண்களுக்கிடையே, கொம்பும் கழுத்தும் வெளியே நீட்டியபடி, ஆளுயர எருதுகள் எட்டிப் பார்க்கின்றன. மொத்தம் 16.

வழக்கமாகச் சொல்லும் கதையை, மேலே சொன்ன நோஜான் கிபேரே எழுதியிருக்கிறார். 1112-க்குப் பிந்திய பழுதுபார்ப்பில் குன்றின் மேல் வண்டி இழுத்த எருது ஒன்று வழியில் தளர்ந்து விழுந்தது. எங்கிருந்தோ வேறொரு எருது தானாக வந்து நுகத்தில் நின்று, பாரத்தை உச்சிவரை இழுத்துக் கொடுத்துவிட்டு, வந்த வழியே போய்விட்டது. காலக்கணக்கைக் கவனியுங்கள். கதை பழைய கதீட்ரலைப் பற்றியது, சிலைகள் வந்தது எழுபது எண்பது ஆண்டு கழித்து. அந்த அற்புதத்தின் நினைவாக வைத்தார்களா, கட்டடத்துக்கு உழைத்த மாடுகள் அத்தனைக்கும் நன்றியாக வைத்தார்களா என்று எந்த ஆவணமும் சொல்லவில்லை. இரண்டும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல என்பது என் எண்ணம். 100 மீட்டர் உயரக் குன்றின் மேல் ஒரு கதீட்ரலுக்கான கல் மாட்டு வண்டியில் ஏறியது. ஊரே அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தது. புனிதர்களுக்கும் தேவதூதர்களுக்கும் உரிய இடத்தில் அவற்றை ஏற்றியவர்கள் மனதறிந்துதான் ஏற்றியிருப்பார்கள்.

இந்தக் கோபுரத்துக்கு அந்தக் காலத்திலேயே ஒரு சாட்சி உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வீயார் த ஓனகூர் என்பவர் ஒரு தோல் ஏட்டில் கட்டடங்களையும் இயந்திரங்களையும் வரைந்து வைத்தார். அந்த ஏடு இன்று பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது. லான் கோபுரத்தின் தரைப்படத்தையும் நிமிர்தோற்றத்தையும் எருதுகளோடு வரைந்து, தான் பல தேசங்கள் சுற்றியும் இப்படியொரு கோபுரத்தை எங்கும் கண்டதில்லை என்று எழுதியிருக்கிறார். அவர் மட்டுமா? ஜெர்மனியின் பாம்பெர்க் கதீட்ரலின் மேற்குக் கோபுரங்கள் லானைப் பார்த்துச் செய்தவை, அங்கேயும் மாடுகள் எட்டிப் பார்க்கின்றன. நௌம்பெர்க்கும் ஸ்விட்சர்லாந்தின் லோசானும் இதே வழி வந்தவை. மொத்தம் ஏழு கோபுரங்கள் திட்டத்தில் இருந்தன. மேற்கில் இரண்டு, குறுக்குக்கூட முனைகளில் இரண்டு, நடுவில் விளக்குக் கோபுரம் என ஐந்துதான் எழுந்தன.

பிந்தைய கதையை வேகமாகச் சொல்லிவிடலாம். புரட்சியோடு லான் மறைமாவட்டமே போய்விட்டது. அது இப்போது சுவாசோன் மறைமாவட்டத்தில் அடங்குகிறது. 1853-லிருந்து எமில் போஸ்வில்வால்ட் பெரிய பழுதுபார்ப்பை நடத்தினார். 1870 செப்டம்பர் 9 அன்று பிரஷ்யப் படை நுழைந்தபோது கோட்டையின் வெடிமருந்துக் கிடங்கு வெடித்தது, கண்ணாடிகள் சேதமாயின. முதல் உலகப்போர் முழுவதும் ஊர் ஜெர்மானியர் கையில் இருந்தது. அக்கம்பக்கத்தில் ரெய்ம்ஸும் சுவாசோனும் குண்டில் சிதைய, லான் பெரிய அடியில்லாமல் தப்பியது.

நேரில் போக வாய்த்தால், பாரிஸ் கார் து நோரிலிருந்து ரயில் உண்டு. நிலையம் குன்றின் அடியில் இருக்கிறது. மேலே ஏற்றிவிட்டுக்கொண்டிருந்த போமா கேபிள் ரயில் 2016-இல் நின்றுவிட்டது, பேருந்தில் போகலாம் அல்லது படியேறலாம். முடிந்தால் படியேறுங்கள், எருது எதை இழுத்தது என்று காலுக்குத் தெரியும். உள்ளே போனதும் நேராகப் பீடத்துக்கு நடக்காமல், நடுக்கூடத்தில் தூணுக்கு மேல் ஐந்தும் மூன்றும் எண்ணிக்கொண்டே போங்கள், விளக்குக் கோபுரத்தின் அடியில் நின்று நிமிருங்கள். அடுத்து ரெய்ம்ஸ் போங்கள், 50 கிலோமீட்டர் சுமார்தான். அங்கே கேலரி இல்லை, வெளியே முட்டுகள் பறக்கின்றன, சன்னல்கள் பெருத்துவிட்டன. கேலரியை விட்டதில் கிடைத்தது என்ன, போனது என்ன என்பது இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் படம் எதுவும் இல்லாமலே விளங்கிவிடும்.